எதிரே ஆளில்லாத வாள்

ஆசான் இல்லாமல் வாள்வித்தை பயில முடியுமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வந்துவிடும். முடியவே முடியாது, கையைக் காலை உடைத்துக்கொள்வாய் என்பார்கள் சிலர். மனமிருந்தால் போதும், காணொளிகளைப் பார்த்தே பழகிவிடலாம் என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. பல்லாவரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், விடியற்காலையில் ஜப்பானிய மரவாளோடு நிற்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஓரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ் வருவதற்குமுன் கிடைக்கும் நேரம்தான் என் பயிற்சி நேரம். கராத்தே வகுப்பு தெருவுக்குத் தெரு இருக்கிறது. இந்த வாளை, அந்த நேரத்தில், நான் போய்வரக்கூடிய தொலைவில் சொல்லித்தர யாரும் கிடைக்கவில்லை.

தனியாகக் கற்கக்கூடியது பலரும் நினைப்பதைவிட நிறையவே இருக்கிறது. தவறு செய்தால் யார் திருத்துவார்கள் என்பதுதான் எல்லோரும் எழுப்புகிற ஐயம். பாதிக்கு மேற்பட்ட தவறுகளைக் கண்ணாடியும் தொங்கவிட்ட நூலும் ஈர மணலும் காட்டிக்கொடுத்துவிடும், பார்க்கிற பொறுமை இருந்தால். ஆசான் இல்லாதவருக்குக் கிடைக்காமல் போகிற பெரும்பொருள் வேறொன்று. அது எனக்குப் புலப்படவே நெடுநாள் ஆயிற்று. அதற்கு வருமுன் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் இந்த வாளுக்குப் பொக்குதோ என்று பெயர். பிற நாடுகளில் பொக்கென் என்ற பெயரே அதிகம் புழங்குகிறது. ஜப்பானிய வாட்கலையான கெண்டோவில், இருவர் வகுத்த வரிசைப்படி வெட்டிப் பழகும் கட்டாப் பயிற்சிக்கு வகுக்கப்பட்ட அளவுப்படி நீளவாள் ஏறக்குறைய 102 செ.மீ., குறுவாள் ஏறக்குறைய 55 செ.மீ. நீளவாளின் எடை பெரும்பாலும் அரை கிலோவை ஒட்டியே இருக்கும். வெட்டும் பகுதியில் மெல்லிய வளைவு உண்டு. பிடியை அறுத்துப் பார்த்தால் வட்டமாக இருக்காது, முட்டை வடிவில் இருக்கும். அந்த வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. மரமே ஆனாலும் இதற்குக் கூர்ப்பக்கம் ஒன்றும் முதுகுப்பக்கம் ஒன்றும் உண்டு. எந்தப் பக்கம் கூர் என்பதைக் கண் பார்க்காமலே உள்ளங்கை அறிய வேண்டும். உருண்டைக் கம்பையோ குழாயையோ வைத்துக்கொண்டு இதே பயிற்சியைச் செய்பவர்களைப் பார்க்கிறேன். தோளுக்கு உழைப்பு கிடைக்கும். வாள் கிடைக்காது.

ஜப்பானில் இப்போது செய்யப்படும் மரவாள்களில் பெரும்பங்கு கியூஷூ தீவின் மியாசாகி மாநிலத்தில், மியாக்கோனோஜோ என்ற ஊரில் உருவாகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டறைகள்தான் அங்கே மிஞ்சியிருக்கின்றன. வெள்ளைக் கருவாலி, செங்கருவாலி என்ற இரண்டு ஓக் வகைகளே முக்கிய மரங்கள். வெள்ளை வகைக்கு அடி தாங்கும் வலு அதிகம். பழைய காலத்தில் அந்த மண் ஷிமாசு குலத்தாரின் சத்சுமா ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதே சத்சுமாவில்தான், நட்டுவைத்த மரத்தூணைக் கட்டையால் காலையில் 3,000 முறை, மாலையில் 8,000 முறை அடி என்று சொல்லிப் பழக்கிய ஜிகென்-ரியூ என்ற வாட்பள்ளி வளர்ந்தது. அந்த எண்களுக்குப் பிறகு வருகிறேன். தனியாகப் பயில்கிறவர்களை அவை படுத்தும் பாடு பெரிது.

இணையத்தில் வாங்கக் கிடைக்கும் மலிவான மரவாள்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்புச் சாயம் பூசியவை இன்னும் மோசம், சாயத்துக்கு அடியில் இழை எப்படி ஓடுகிறது என்று பார்க்கவே முடியாது. இழைதான் இந்த வாளின் உயிர். பிடியின் அடியில் தொடங்கும் இழை நுனிவரை முறியாமல் ஓட வேண்டும். வழியில் எங்காவது அது பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில் மரம் ஒருநாள் பிளக்கும். பிளந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் அளவுகளைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி ஆசாரி ஒருவரிடம் போனேன். தேக்கில் செய்துவிடலாம் என்றார். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது அடி வாங்குமா அம்மா?" என்று கேட்டார். வாங்கும் என்றேன். "அப்படியானால் தேக்கு வேண்டாம். கோடாரிக்குத் தேக்கில் யாராவது காம்பு போடுவார்களா?" என்று சொல்லி, என்னையும் அழைத்துக்கொண்டு மரவாடிக்குப் போனார். நாட்டுக் கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் காலங்காலமாகப் பயன்பட்ட மரம், அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் இழை நேராக ஓடும் துண்டு கிடைப்பது அரிது. கட்டை கட்டையாகப் புரட்டினார். வெளிறாக இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, வைரம் பாய்ந்த ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தார். உடனே இழைக்க மாட்டேன், ஈரம் வற்றட்டும் என்று நிழலில் போட்டுவைத்துவிட்டார். ஈரத்தோடு செதுக்கிய மரம் பிறகு திருகிக்கொள்ளும், வெடிக்கும். எனக்கிருந்த அவசரத்தை அவர் பொருட்படுத்தவே இல்லை. அதற்காக அவருக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

இழைப்புளியும் அரமும் முடிந்தபின் உப்புத்தாளில் வழவழப்பாக்கித் தந்தார். வார்னிஷ் வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். சென்னை வியர்வையில் வார்னிஷ் பூசிய பிடி கையில் ஒட்டும், இல்லாவிட்டால் வழுக்கும். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிதாகத் தேய்த்து ஊறவிட்டால் போதும். சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது; கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் சாய்ந்த பக்கமாகவே வளைந்துவிடும். கிடையாகப் படுக்கவைக்க வேண்டும். பயிற்சிக்குமுன் வாள் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். விரிசலைக் கண்ணைவிடக் கை முன்னே கண்டுபிடிக்கும்.

மரம்தானே என்ற எண்ணம் இருந்தால் அதை முதலில் விட்டுவிட வேண்டும். 1612-இல் கன்ரியூ தீவில் வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி, மற்றொரு வாள்வீரரான சசாக்கி கோஜிரோவை வீழ்த்தியது மரவாளால்தான் என்பது ஜப்பானில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. மரவாள் எலும்பை உடைக்கும், மண்டையைப் பிளக்கும். அதனால்தான் பழைய வாட்பள்ளிகளில் இருவர் பயிலும்போது வெட்டும் மறுவெட்டும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட கட்டாக்களாக அமைந்தன. 16ஆம் நூற்றாண்டில் கமியிசுமி நொபுத்சுனா என்ற வாளாசான் மூங்கிலைப் பிளந்து தோலுறைக்குள் செருகிய பயிற்சி வாளைப் புகுத்தியதாகச் சொல்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் தலைக்கவசம், கைக்கவசங்களோடு மூங்கில் வாளான ஷினாய் பரவிய பிறகுதான் தயங்காமல் அடித்துப் பழகும் முறை வளர்ந்தது. இன்றைய கெண்டோ அதன் வழிவந்தது.

இனி உடல். தனியாகப் பயில்கிறவர் தம் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியது மூன்று இடங்களில்: பிடி, வீச்சு, கால். அழகான சுழற்சிகளுக்கெல்லாம் இதில் இடமில்லை.

பிடியில் இடது கைதான் தலைமை. வாளின் அடிமுனையை ஒட்டி இடது சுண்டுவிரல் சுற்ற வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுகிப் பிடிக்க, நடுவிரல் துணைநிற்க, கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் தளர்ந்திருக்கும். ஈரத்துணியைப் பிழிவதுபோல இரு கைகளும் உள்நோக்கித் திரும்ப வேண்டும் என்று ஜப்பானிய ஆசான்கள் சொல்வார்கள். கேட்க எளிது. வாழ்நாள் முழுவதும் உண்பதும் எழுதுவதும் கதவு திறப்பதும் வலது கையாக இருப்பவருக்கு, வாளும் வலது கைக்குத்தான் போகும். வலது கை முந்தினால் நுனி ஒருபக்கம் சாயும், வெட்டு கோணலாகும், வாளை நிறுத்தும்போது முழங்கை அதிரும். கற்கத் தொடங்குகிற எல்லோருக்கும் இது வரும். ஆசான் இருந்தால் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லிச் சொல்லிச் சரிசெய்வார்.

ஆசான் இல்லாத எனக்கு அதைச் சொன்னது தூக்குக்குண்டு. கொத்தனார்கள் சுவரின் நேர் பார்க்கப் பயன்படுத்துகிற அதே குண்டுதான். துணி காயவைக்கும் கம்பியிலிருந்து அதைத் தொங்கவிட்டு, நூலுக்கு நேர் எதிரே, வாள் நூலைத் தொடாத தொலைவில் நிற்பேன். வாளை உயர்த்தும்போதும் இறக்கும்போதும் இடது முட்டி அந்த நூலை விட்டு விலகக் கூடாது. நடுநிலையில் இடது முட்டி தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, உடலிலிருந்து ஒரு முட்டி தள்ளி இருக்க வேண்டும். நுனி, எதிரே நிற்பவரின் தொண்டையை நோக்க வேண்டும். உயர்த்தினால் நெற்றிக்கு மேலே. திரும்ப இறங்கும்போது அதே கோடு. வேலையிடத்தில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு விலகலுக்காக உதிரிபாகங்களைத் திருப்பி அனுப்புகிறவள் நான். நூலிலிருந்து ஒரு விரல் அகலம் விலகினாலும் என் கண்ணுக்கு அது உறுத்தும். அந்தத் தொழிற்பழக்கம் இங்கே எனக்குப் பெரும் உதவி.

ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன், பழைய பீரோவிலிருந்து கழற்றியது. நிற்கும் நிலையைப் பார்க்க அது நல்லது. தோள் ஏறியிருக்கிறதா, இடுப்பு முன்னோக்கி இருக்கிறதா, கழுத்து நீண்டிருக்கிறதா என்று காட்டும். வீச்சுக்குக் கண்ணாடியை நம்பக் கூடாது. தன்னையே பார்க்கிற கண், எதிரே பார்க்கப் பழகாது. வீச்சைச் செல்பேசியில் பக்கவாட்டிலிருந்து பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்துப் பிறகு பார்ப்பதே சரி. கண்ணைவிட நம்பகமான மற்றொரு சாட்சி காது. கூர்ப்பக்கம் வெட்டும் பாதையோடு ஒன்றிப்போனால் காற்றை அறுக்கும் ஓசை குறுகித் தெளிவாகக் கேட்கும். வாள் லேசாகத் திரும்பியிருந்தாலும் ஓசை மங்கிவிடும். அந்த ஓசைக்கென்றே பக்கவாட்டில் பள்ளம் இழைத்த மரவாள்களும் ஜப்பானில் கிடைக்கின்றன. பள்ளம் மரத்தை மெலிவிக்கும் என்பதால் அவற்றை மற்றொரு வாளோடு மோதவிடக் கூடாது.

இப்போது அந்த எண்கள். காலையில் 3,000, மாலையில் 8,000 என்ற வாசகத்தைப் படித்துவிட்டு எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். சத்சுமாவில் அப்படி அடித்தவர்களுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்க ஆள் இருந்தார். தனியாக அடிக்கும்போது, களைத்த பிறகு அடிக்கிற ஒவ்வொரு வீச்சும் கோணலைத்தான் உடலுக்குப் பாடமாக்கும். நான் எண்ணுவதில்லை. இடது முட்டி நூலை விட்டு விலகத் தொடங்கியதும் அன்றைய வீச்சு முடிந்தது, அது சீக்கிரமே நேர்ந்தாலும் சரி. முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. தசைநாரில் வந்த அழற்சி ஆற மாதக்கணக்கில் ஆகும். சுபுரிதோ எனப்படும் கனமான பயிற்சி வாள் ஒரு கிலோவையும் தாண்டும். தோற்றத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அதை முதலிலேயே எடுப்பவர்கள் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்வார்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் ஐயமில்லை.

வாளை வீசுவதைவிட நிறுத்துவது கடினம். முழங்கையைப் பூட்டி நிறுத்தினால் அதிர்ச்சி முழுவதும் மூட்டில் இறங்கும். கடைசிக் கணத்தில் இரு கைவிரல்களும் இறுகி, உடனே தளர வேண்டும். இதைக் காற்றில் மட்டும் கற்க முடியவில்லை. பஞ்சர் கடையில் பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்று வாங்கி, மாடித் தூணில் கட்டிவைத்தேன். ரப்பர் வாளைத் திருப்பித் தள்ளுகிற அந்தக் கணத்தில் பிடி எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். ஜப்பானில் டயரை அடித்துப் பழகுவதும் உண்டு.

கால்தான் சென்னையில் சிக்கல். ஜப்பானியப் பயிற்சிக்கூடங்களில் மரப்பலகைத் தரை. வெறுங்காலைத் தூக்காமல் வழுக்கிக்கொண்டே முன்னேறுவார்கள். வலது கால் முன்னே, இடது குதிகால் மயிரிழை உயர்ந்து, இரு பாதங்களும் ஒரே திசை பார்க்க வேண்டும். நம் மொட்டைமாடித் தட்டோட்டில் அப்படி இழுத்தால் தோல் கிழியும். கத்திரி வெயில் நாட்களில் காலை எட்டு மணிக்கே தரையில் கால்வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் பாசி பிடித்து வழுக்கும். அந்த மாதங்களில் கூடத்துக்குள் வந்துவிடுவேன். மேலே மின்விசிறி இருப்பதால் மண்டியிட்டபடி வீசுவேன், இல்லாவிட்டால் குறுவாளை எடுப்பேன். மண்டியிட்டு வீசும்போது கால் உதவிக்கு வராது. இடுப்பு ஒன்றே வேலை செய்ய வேண்டும். மழை தந்த பயிற்சி என்று அதை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன்.

விடுமுறை நாட்களில் 200 அடி சாலை வழியாகத் திருவான்மியூர் கடற்கரைக்குப் போவதுண்டு. அலை வந்து திரும்பிய ஈர மணலில் ஒரு நீளம் முன்னும் பின்னும் நகர்ந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பாதங்கள் என்ன செய்தன என்பது அப்படியே எழுதப்பட்டிருக்கும். இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் பள்ளம் சாய்ந்திருக்கும். குதிகால் ஊன்றியிருந்தால் ஆழம் சொல்லிவிடும். இவ்வளவு நேர்மையான ஆய்வுக் கருவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீச்சோடு எழ வேண்டிய குரலுக்கும் கடற்கரை நல்ல இடம். மொட்டைமாடியில் விடியற்காலையில் கத்தினால் அக்கம்பக்கம் எழுந்துவிடும். ஆனால் பல்லாவரத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும் சத்தத்தில் எந்தக் குரலும் அடங்கிப்போகும். விமானம் கடக்கும்போது அடிவயிற்றிலிருந்து குரல்கொடுத்துப் பழகினேன்.

காணொளிகளைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். அடிப்படை வீச்சுகள் எல்லோருக்கும் பொதுவானவை. அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் இவாமா ஊரைச் சேர்ந்த சாய்தோ மொரிஹிரோ 7 வாள்வீச்சுகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். வெளிப்படையாகக் கற்பிக்கப்படுபவை, தனியாகவே பயிலத்தக்கவை. அவற்றைப் பார்த்துப் பழகுவதில் தவறில்லை. பழம்பெரும் வாட்பள்ளிகளின் கட்டாக்கள் அப்படியல்ல. 15ஆம் நூற்றாண்டில் இய்சாசா இயெனாவோ தொடங்கிய கத்தோரி ஷிந்தோ-ரியூவில் சேர்கிறவர்கள், வித்தையை வெளியே சொல்ல மாட்டோம் என்று இரத்தத்தால் கைச்சாத்திட்டு உறுதியளிக்கும் வழக்கம் உண்டு. 1960-இல் சிபா மாநிலம் அதைக் கலைச்சொத்தாக அறிவித்துப் பாதுகாத்து வருகிறது. தலைமுறைகள் காத்துவந்த ஒன்றைத் திரையில் பார்த்துப் பொறுக்கியெடுத்து, அதே பெயரைச் சொல்லிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லாத செயல். நான் எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்லிக்கொள்வதில்லை. மரவாள் வீசுகிறேன், அவ்வளவுதான்.

கிடைக்காமல் போகிற பெரும்பொருளை எனக்கு முதலில் காட்டியவர், எங்கள் தொழிற்சாலைக்குச் சில காலம் வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர். பள்ளிப் பருவத்தில் கெண்டோ பயின்றவர். தேநீர் இடைவேளையில் கட்டாவைப் பற்றிக் கேட்டபோது, கையிலிருந்த அளவுகோலை வாளாக்கி விளக்கினார். 1912-இல் வகுக்கப்பட்ட கெண்டோ கட்டாக்கள் 10. அவற்றில் 7 நீளவாளுக்கு நீளவாள். கடைசி 3 நீளவாளுக்குக் குறுவாள். ஒவ்வொன்றிலும் இருவர். முதலில் தாக்குகிறவர் உச்சிதாச்சி, மறுமொழியாக வெட்டி வெல்கிறவர் ஷிதாச்சி. இருவரில் யார் ஆசான் என்று அவர் கேட்டார். வெல்கிறவர் என்றேன். இல்லை, எப்போதும் தோற்கிறவர்தான் மூத்தவர் என்றார்.

முதல் கட்டாவையே எடுத்துக்கொள்ளலாம். 9 தப்படி இடைவெளியில் இருவரும் தொடங்குகிறார்கள். இருவர் வாளும் தலைக்கு மேலே. ஒருவரை நோக்கி ஒருவர் மூன்று தப்படி வருகிறார்கள். உச்சிதாச்சி மனத்தில் எந்தத் தயக்கமும் இல்லாமல் எதிராளியின் தலையை வெட்டுகிறார். ஷிதாச்சி கடைசிக் கணத்தில் பின்வாங்க, வாள் வெறும் காற்றை வெட்டிக்கொண்டு இறங்குகிறது. உடனே ஷிதாச்சி முன்னேறித் தலையை வெட்டுகிறார், மரம் படுமுன் நிறுத்துகிறார். எழுதினால் இவ்வளவுதான். முன்கூட்டிப் பின்வாங்கினால் உச்சிதாச்சி தொடர்ந்து வந்துவிடுவார், தாமதித்தால் மண்டை உடையும். அந்தக் கணம் எது என்பதை ஷிதாச்சிக்குக் கற்பிப்பது, எதிரே வருகிறவரின் நேர்மையான வெட்டு ஒன்றுதான். மூத்தவர் இரக்கப்பட்டு வேகத்தைக் குறைத்தால் இளையவர் எதையும் கற்கவில்லை. மூத்தவருக்கு வாள் கட்டுப்படாவிட்டால் இளையவர் பிழைப்பதில்லை. அதனால்தான் அந்த இடத்தில் ஆசான் நிற்கிறார், தோற்பதற்காக.

கண்ணாடி வெட்டாது, நூலும் டயரும் முன்னேறி வராது. என் உடலை நான் எவ்வளவு வேண்டுமானாலும் நேராக்கிக்கொள்ளலாம். வாளின் வேலை இருவருக்கு நடுவிலுள்ள இடைவெளியில் அல்லவா இருக்கிறது!

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனை உச்சிதாச்சியாக நிற்கவைத்தேன். மரவாள் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். கட்டுப்பாடு தெரியாத இருவர் கருவேலத்தை ஒருவர் தலையை நோக்கி ஒருவர் ஓங்குவது பைத்தியக்காரத்தனம். மெல்லிய பிளாஸ்டிக் குழாய்மீது ஏசி குழாய்க்கு மாட்டுகிற கறுப்பு நுரையுறையைச் செருகி இரண்டு வாள்கள் செய்தோம். கமியிசுமி காலத்துத் தோலுறை வாளுக்கும் இதே தேவைதான் காரணம் என்று அவனிடம் சொன்னபோது அவன் முகத்தில் ஓர் ஆர்வம் வந்தது. ஆனால் வெட்டு என் தலைக்கு வந்ததும் அவன் கை தானாகத் தளர்ந்தது. "சித்தி, உங்கள்மேல் எப்படி ஓங்கி அடிப்பது?" என்றான். என்னை அடிப்பதுதான் எனக்குச் செய்யும் உதவி என்று அவனுக்குப் புரியவைக்கச் சில ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. புரிந்தபின் நுரை என் தோளிலும் நெற்றியிலும் பலமுறை விழுந்தது. ஒவ்வொரு முறை விழுந்தபோதும் மொட்டைமாடியில் வருடக்கணக்கில் தெரிந்துகொள்ளாத ஏதோ ஒன்று தெரிந்தது. அவன் வாளுக்குமுன் அவன் தோள் அசைகிறது. தோளுக்குமுன் மூச்சு நிற்கிறது.

திருநீர்மலைப் பக்கம் ஒரு திடலில் சிலம்பம் சொல்லித்தருகிற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் என் மரவாளை எடுத்துப்போனேன். கையில் வாங்கி, எடை பார்த்து, இழையைப் பார்த்து, ஆசாரி யாரென்று விசாரித்தார். பிறகு, "இந்த வித்தை எனக்குத் தெரியாது அம்மா. தெரியாத வித்தையை நான் திருத்தக் கூடாது. வாளைக் கீழே வையுங்கள், காலடியைக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். தலையசைத்துவிட்டு, மூத்த மாணவி ஒருத்தியைக் கம்போடு எதிரே நிறுத்தினார். நெற்றி உயரக் கம்பு. அதன் முனை என் மார்பைத் தொடும் இடத்தில் தரையில் ஒரு கோடு, ஒரு தப்படி பின்னே இன்னொரு கோடு. கம்பு வரும்போது இரண்டாம் கோட்டில் இருக்க வேண்டும், கம்பு கடந்ததும் முதல் கோட்டைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். எனக்கு ஆயுதம் கிடையாது, அந்தப் பயிற்சி முழுவதும் கால் மட்டும்தான். அவள் கம்பைச் சுற்றிக்கொண்டு வந்த வேகத்தில் எந்தச் சலுகையும் இல்லை. என் கழுத்துக்கு ஒரு சாண் முன்னே கம்பு நின்ற விதத்தில்தான் அவள் எவ்வளவு தேர்ந்தவள் என்று தெரிந்தது. அந்தப் பொறியாளர் அளவுகோலை வைத்துச் சொன்னது அங்கே மண்ணில் எனக்கு விளங்கியது. வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அந்தத் திடலுக்குப் போகிறேன். வாத்தியாரின் காலடி வரிசையில் பின்னால் நிற்கிற சிறுவர்களோடு நானும் நிற்கிறேன்.

ஆனாலும் கருவேல வாளோடு எதிரே நிற்கத் தெரிந்தவர் இன்னும் கிடைக்கவில்லை. என் அக்கா மகனும் நானும் நுரை வாளில் முதல் கட்டாவோடு நிறுத்திக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதில் மணிக்கட்டை வெட்ட வேண்டும், அதைத் தெரிந்தவர் முன்னிலையில் தொடங்கவே விரும்புகிறேன். சென்னையில் வசிக்கிற, கெண்டோவோ வேறு வாட்பயிற்சியோ முறையாகக் கற்ற ஒருவர் இதைப் படித்தால், ஜப்பானிலிருந்து வேலைக்கு வந்திருப்பவரானாலும் சரி, நம்மூர்க்காரரானாலும் சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு எதிரே உச்சிதாச்சியாக நிற்க முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். கும்மிடிப்பூண்டியானாலும் மறைமலை நகரானாலும் முதல் ரயில் பிடித்து வந்துவிடுவேன். இழை முறியாத இரண்டு வாள்களை நானே எடுத்து வருகிறேன். ஆசாரி இரண்டாவதையும் செய்து முடித்துவிட்டார்.